என் பிலிம் கேமரா செயலியுடன் இரண்டு ஆண்டுகள்

பிலிமில் எடுத்த படத்தின் சாயலைத் தரும் கேமரா செயலி ஒன்றை எனக்காகவே எழுதி, தருமபுரியிலும் சுற்றுவட்டாரத்திலும் இரண்டு ஆண்டுகளாக அதைக் கொண்டே படமெடுத்து வருகிறேன். எழுதியவனே மதிப்பிடுவது முறையா என்று கேட்கலாம். அதன் குறைகளோடு அன்றாடம் மல்லுக்கட்டியவனும் நானே.

முதல் பதிப்பு தோல்விதான். கைப்பேசி தானே மெருகேற்றித் தந்த படத்தின்மேல் பிலிமின் வண்ணங்களை ஏற்றினேன். ஒகேனக்கல்லில் உச்சி வெயிலில் எடுத்தபோது, அருவியின் நுரை வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியதுபோல நின்றது. அதில் மஞ்சள் ஏறியதுதான் மிச்சம். கலர் நெகட்டிவ் பிலிம் மிகுதியான ஒளியைத் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல வெளுக்கும். கைப்பேசியில் ஒளியைப் பதியும் சென்சாரோ தன் எல்லையைத் தொட்டதும் அதற்குமேல் எதையும் பதியாது. ஆகவே, 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் கிடைக்கும் கேமரா2 என்னும் நிரல் இடைமுகம் வழியாக, மெருகேற்றாத மூலப் பதிவான ரா கோப்பையே பெற்று, ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்துப் பதிந்து, நடுத்தர ஒளியைப் பின்னர் உயர்த்துமாறு மாற்றி எழுதினேன். அதன் பிறகே நுரைக்குள் நீர் தெரிந்தது. பரிசலின் நிழற்பக்கம் சற்றுக் கரடுமுரடாகிறது. அது எனக்கு உறுத்தவில்லை.

பிலிம் படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகளான கிரெயின் விஷயத்தில் என்னைத் திருத்தியவர், பிலிம் காலத்தில் ஸ்டூடியோ நடத்திய பெரியவர் ஒருவர். கல்யாணப் படமொன்றைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை வேட்டியில ஏன் தம்பி இவ்வளவு தூசி?” என்றார். படம் முழுவதும் ஒரே அளவில் புள்ளிகளைத் தூவியிருந்தேன். பிரிண்டில் அவை நடுத்தர ஒளியில்தான் மிகுந்து தெரியும், தூய வெள்ளையில் அடங்கிவிடும். இப்போது அவ்வாறே செய்கிறேன். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த நுணுக்கமெல்லாம் குழம்பித் திட்டுத்திட்டாகிவிடுகிறது.

பிலிமைப் போலவே செயலியிலும் ரோலுக்கு 36 படம், முடியும்வரை எதையும் பார்க்க முடியாது என்ற கட்டுப்பாட்டைப் பெருமையோடு வைத்திருந்தேன். அக்கா மகளின் காதணி விழாவில் ரோல் தீர்ந்ததும், ஒவ்வொன்றும் 24 எம்பி உள்ள ரா கோப்புகளைப் பதப்படுத்துவதில் செயலி மூழ்கிவிட, தாய்மாமன் மடியில் குழந்தைக்குக் காது குத்திய கணம் கைநழுவிப் போயிற்று. அந்தத் தாய்மாமனும் நான்தான். கைப்பேசியைப் பிடித்திருந்தது அத்தான். இப்போது பதப்படுத்தும் வேலை இரவில் சார்ஜ் ஏறும்போது நடக்கிறது, அடுத்த ரோல் உடனே தொடங்கிவிடுகிறது.

தீராதது ஹேலேஷன் என்னும் ஒளி வளையம். பிலிமில் கடுமையான ஒளி அடித்தளம்வரை ஊடுருவித் திரும்பும்போது, அடியிலுள்ள சிவப்புணர் அடுக்கை முதலில் தொடுவதால் விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் தோன்றும். தருமபுரி பேருந்து நிலையக் கடை விளக்குகளுக்கு இது அழகாகவே வருகிறது. வெயில் படும் சுண்ணாம்புச் சுவருக்கும் அதே வளையம் வருகிறது. எல்லையைத் தாண்டிய இரண்டும் சென்சாருக்கு ஒரே வெள்ளைதான் என்பதால், பகலில் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.