முழங்காலில் கசிவா? வெறும் மாத்திரையோடு அனுப்பினால் உஷார்

அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்றி பன்னிரண்டாம் நாள். கட்டைப் பிரித்தால் பஞ்சில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சள் கறை. போனில் படம் எடுத்துக்கொண்டு, அறுவை செய்த மருத்துவமனைக்கே ஓடினோம். "சுகர் இருக்குல்லம்மா, ஆற நாளாகும்" என்று ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினார் டாக்டர். மாத்திரை உள்ளவரை கசிவு நிற்கும். தீர்ந்தால் திரும்ப வரும். இப்படியே நான்கு சீட்டு. ஒரு தடவைகூட மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பவில்லை.

மூன்றாம் மாதம் தோலில் ஓட்டை விழுந்து சீழ் வந்தது. அப்போது சொல்கிறார்கள், "திறந்து ஒரு வாஷ் கொடுத்தா சரியாயிடும்". அதற்குத் தனிப் பேக்கேஜ் வேறு. நல்லவேளை, முன்பணம் கட்டாமல் வேறு டாக்டரிடம் போனோம்.

அவர் விளக்கியது இது. குளத்துப் படியில் பாசி மாதிரி, கிருமி உலோகத்தின்மேல் படலம் கட்டிவிடும். அதற்கப்புறம் மாத்திரை மட்டும் போதாது. அறுவை முடிந்து ஏறக்குறைய நான்கு வாரத்துக்குள் பிடித்திருந்தால், திறந்து கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் பாகத்தை மாற்றி, மூட்டைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். எங்களுக்கு அந்த நாட்களை அந்த நான்கு சீட்டு தின்றுவிட்டது.

நீர் எடுக்கும் முன் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். இல்லாவிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளுமாம். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) சிலருக்குப் பழைய மூட்டை எடுத்துவிட்டு அதே அறுவையில் புதியதைப் பொருத்துகிறார்கள். அம்மாவின் தோல் இருந்த நிலைக்கு அது சரிப்படாது என்றார். எல்லாவற்றையும் கழற்றி, அந்த இடத்தில் தற்காலிகமாக ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்டை வைத்து, ஆறு வாரம் மருந்து. அப்புறம்தான் புது மூட்டு. அந்த நாட்களில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா, "கடன் வாங்கின கால் மாதிரி இருக்குடா" என்பார்.

உள்ளே இருந்த மூட்டின் கம்பெனி, அளவு தெரிய ஸ்டிக்கர் தேவைப்பட்டது. எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் அது இல்லை. நீங்கள் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ ஒழுங்குமுறை விதி. எங்களை மூன்று வாரம் அலையவிட்டார்கள். கடைசியில் வந்த கோப்பில், நான் படம் எடுத்த அதே தேதியில், 'காயம் நன்றாக ஆறியுள்ளது' என்று எழுதியிருந்தது.