வேறு கம்பெனியில் அதே கரும்பச்சையா? காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

20 லிட்டர் பெயிண்ட் வீணாகிவிட்டது. பட்டி பார்த்த செலவு, பெயிண்டர் கூலி எல்லாம் அதோடு சேர்ந்து போயிற்று. கடையின் பெயரைப் போடவில்லை. பல கம்பெனிப் பெயிண்ட்டும் விற்று, கலர் கலக்கும் மிஷினும் வைத்திருக்கும் பெரிய கடை என்று மட்டும் சொல்கிறேன். இந்த மாதிரிக் கடை எல்லா இடத்திலும் இருக்கிறது. இன்னொருவர் காசும் இப்படிப் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஹாலில் இரண்டு சுவர் ஏற்கெனவே கரும்பச்சை. நன்றாக இருண்ட, லேசாக மஞ்சள் ஓடிய பச்சை. அந்த ஷேடைக் கம்பெனியே நிறுத்திவிட்டது. மீதிச் சுவர்களும் மாடிப்படிச் சுவரும் அதே நிறத்தில் வர வேண்டும். பழைய டப்பா மூடி, கம்பெனி ஷேடு கார்டு, ஷேடு நம்பர் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

மிஷின் பக்கத்தில் இருந்தவர் கார்டைப் பார்த்ததும் சொன்ன வார்த்தை இது: "எந்தக் கம்பெனி ஷேடா இருந்தாலும் எங்க மிஷின்ல அப்படியே வந்துடும் சார். நம்பர் அடிச்சா ஃபார்முலா வந்துடும். நூத்துக்கு நூறு." கம்ப்யூட்டரில் நம்பரை அடித்தார், திரையில் ஒரு பச்சைக் கட்டம் வந்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "கரும்பச்சை கொஞ்சம் சிக்கலான நிறம், முதலில் ஒரு சின்ன டப்பா கலந்து தாருங்கள், பூசிப் பார்த்துவிட்டு மீதி வாங்குகிறேன்" என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையே இல்ல சார், சின்ன டப்பால கலந்தா அளவு மாறும், மொத்தமா கலந்தாத்தான் கரெக்டா வரும். நான் இருக்கேன், பாத்துக்கறேன்" என்றார். அந்த "நான் இருக்கேன்" என்ற பேச்சை நம்பித்தான் பணம் கட்டினேன். கலக்கி முடித்ததும் மூடியில் ஒரு சொட்டு வைத்து, ஈரமாக இருக்கும்போதே ஷேடு கார்டைப் பக்கத்தில் பிடித்து, "பாருங்க, அச்சு அசல்" என்றார். கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஒன்றாகத்தான் தெரிந்தது. இதுதான் பெரிய ஏமாற்று. எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட், ஈரமாக இருக்கும்போது பால் கலந்தாற்போல் வெளுத்துத் தெரியும், காய்ந்த பிறகுதான் இருளும். ஈரச் சொட்டு கார்டோடு ஒத்துப் போனால், காய்ந்ததும் ஒத்துப் போகாது என்றுதான் அர்த்தம். மிஷின் முன்னால் தினமும் நிற்கிறவருக்கு இது தெரியாதா?

முதல் கோட் காய்ந்தபோதே பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் மூலையில் கோடு போட்டாற்போல் வித்தியாசம். புதியதில் நீலம் ஓடியது. சாயங்காலம் ஹாலில் மஞ்சள் பல்பைப் போட்டதும் இன்னும் மோசம்: பழைய சுவர் இதமான கரும்பச்சை, புதுச் சுவர் மயிற்கழுத்து நிறம்.

அன்றைக்கே போன் செய்தேன். "ரெண்டாவது கோட் அடிங்க சார், சரியாயிடும்." அடித்தோம். சரியாகவில்லை. "நல்லா காயட்டும் சார், ஒரு வாரம் விடுங்க." விட்டோம். அப்புறம் "உங்க பெயிண்டர் தண்ணி அதிகமா கலந்திருப்பார்." தண்ணீர் கூடினால் மூடும் தன்மை குறையும், பச்சை நீலமாகுமா? அப்புறம் "உங்க வீட்டு லைட் அப்படி." அப்புறம் "பழைய சுவர் வெளுத்துப் போயிருக்கும்." பழைய மூடியின் உட்பக்கத்தில் வெயிலே படாத பெயிண்ட் காய்ந்து இருக்கிறதே, அதோடும்தான் ஒத்துப் போகவில்லை! நேரில் மூடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைக் கையில்கூட வாங்காமல் "கலர் கலந்த மால் திரும்ப எடுக்க மாட்டோம் சார், பில்லுலயே இருக்கு" என்றார். பெயிண்ட் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டால், கலந்தது கடை, கடையிடம் கேளுங்கள் என்கிறார்கள். கடையைக் கேட்டால் ஃபார்முலா கம்பெனியுடையது, அவர்களைக் கேளுங்கள் என்கிறார்கள். நடுவில் என்னுடைய 20 லிட்டர்.

ஒரு தடவை மட்டும் இரக்கப்பட்டாற்போல் "கொண்டு வாங்க, கொஞ்சம் கறுப்பு விட்டுத் தரேன்" என்றார்கள். மீதியிருந்ததில் கறுப்பு விட்டார்கள். நீலம் போகவில்லை. பச்சை செத்துக் கரி பூசினாற்போல் ஆகிவிட்டது. நீலத்தை அடக்க மஞ்சள் பக்கம் இழுக்க வேண்டும், கறுப்பு இருட்டைத்தான் கூட்டும். அதற்கும் தனியாகக் காசு வாங்கினார்கள்.

இதற்கு மேல்தான் வேறொரு அனுபவசாலியான பெயிண்டரிடம் டப்பாவைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. டப்பாவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத்தான் படித்தார். "பேஸே தப்பு" என்றார். பேஸ் என்பது நிறம் சேர்ப்பதற்கு முந்தைய மூலப் பெயிண்ட். வெளிர் நிறங்களுக்கான பேஸில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறைய இருக்கும். கரும்பச்சை மாதிரி ஆழமான நிறத்துக்கு வெள்ளை அனேகமாக இல்லாத பேஸ் வேண்டும், ஆழ்நிறப் பேஸ், கிளியர் பேஸ் என்பார்கள். அது கடையில் தீர்ந்துபோயிருக்க வேண்டும். எனக்குச் சொல்லாமல் நடுத்தரப் பேஸில் கலரன்ட்டை, அதாவது மிஷின் விடும் நிறச் சாந்தை, ஊற்று ஊற்றென்று ஊற்றியிருக்கிறார்கள். டப்பா மூடியைச் சுற்றிப் பெயிண்ட் பிதுங்கி வழிந்திருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. கலரன்ட் சேர்க்க இடம் விட்டுத்தான் பேஸை அடைத்து அனுப்புவார்கள். ஆழ்நிறப் பேஸுக்கு அந்த இடம் அதிகம், மற்றதற்குக் குறைவு. குறைந்த இடத்தில் அளவுக்கு மீறி ஊற்றினால் வழியத்தானே செய்யும். சுவர் இன்னமும் கையில் பிசுபிசுக்கிறது. ஈரத் துணியால் தேய்த்தால் துணியில் பச்சை இறங்குகிறது. கலரன்ட் அளவு மீறினால் இப்படித்தான் ஆகும் என்றார். என் காசுக்கு நிறமும் கிடைக்கவில்லை, காய்கிற பெயிண்ட்டும் கிடைக்கவில்லை.

சரியான பேஸிலேயே கலந்திருந்தாலும் நம்பர் அடித்து அச்சு அசலாக வாங்க முடியாது என்பதையும் அவரிடமிருந்தும், அதன் பிறகு நானே தேடிப் படித்தும் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு கம்பெனியின் பேஸும் வேறு, கலரன்ட்டின் வீரியமும் வேறு. ஒரு கம்பெனியின் ஃபார்முலாவை இன்னொரு கம்பெனியின் பேஸில் போட்டால் கிடைப்பது இன்னொரு நிறம்தான். கரும்பச்சையில் இது பல மடங்கு தெரியும். பச்சைக்கு அதிகம் பயன்படுத்தும் தாலோ பச்சை என்ற நிறமி நீலச் சாயல் கொண்டது, வீரியமும் மிக அதிகம். துளி கூடினாலும் நீலம் எட்டிப் பார்க்கும். என் பழைய சுவரில் மஞ்சள் ஆக்சைடும் கறுப்பும் கூடுதலாக இருந்திருக்கலாம் என்பது பெயிண்டரின் கணிப்பு. இப்படி வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு பச்சைகள் பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து, பல்பு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயரே இருக்கிறது. நிறம் அளக்கும் துறையில் இதற்காகத்தான் டி65 என்ற பகல் ஒளியிலும், 2856 கெல்வின் அளவிலான மஞ்சள் பல்பு ஒளியிலும் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறார்கள். அவ்வளவு பழைய விஷயம். "உங்க வீட்டு லைட் அப்படி" என்று என்னிடம் சொன்னவர், பணம் வாங்கும் முன் சொல்லியிருக்க வேண்டியது அல்லவா இது?

பளபளப்பும் சேர்ந்துகொள்கிறது. மேட் பூச்சு மேலே விழும் ஒளியைச் சிதறடிப்பதால் இருண்ட நிறம் சற்று வெளிறித் தெரியும். அதே கரும்பச்சை பளபளப்பில் ஆழமாகத் தெரியும். என் பழைய சுவர் பட்டு மாதிரி அரைப் பளபளப்பு. புதியதற்கு அவர் எடுத்தது மேட். அதையும் கேட்கவில்லை.

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற அளவுக் கருவி அந்தக் கடையிலேயே மேஜை மேல் இருந்தது. காய்ந்த மாதிரியை அதில் வைத்து அளந்து, திருத்தித் திருத்திக் கலந்தால் ஓரளவு நெருங்கலாம். என் பழைய மூடியில் காய்ந்த பெயிண்ட் இருந்தது, அதை வைத்து அளக்க முழுசாக ஐந்து நிமிடம் ஆகாது. அளக்கவில்லை. நம்பரை அடித்து, இல்லாத பேஸுக்குப் பதில் இருக்கிற பேஸை எடுத்து, 20 லிட்டரையும் ஒரே மூச்சில் கலக்கித் தலையில் கட்டிவிட்டார்கள்.

எழுதும்போதே மறுபடி ஆத்திரம் வருகிறது, விளக்கமாக யோசனை சொல்லும் பொறுமை இப்போது இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். சின்ன டப்பா கலந்து, அட்டையில் இரண்டு கோட் பூசி, முழுசாகக் காயவிட்டு, பழைய சுவரில் ஒட்டிவைத்துப் பகலிலும் இரவிலும் பார்க்காமல் மொத்தமாக வாங்கவே வாங்காதீர்கள். சின்ன டப்பா தர மாட்டேன் என்றால் அடுத்த கடை பாருங்கள். கலக்கும் முன் எந்தப் பேஸ் என்று கேளுங்கள், ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். மேட்டா பளபளப்பா என்று பழைய பூச்சைப் பார்த்துச் சொல்லுங்கள். "அதே நிறம்" என்று வாயால் சொல்வதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். முடிந்தால் பழையதோடு சேர்க்கவே முயலாமல், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை முழுச் சுவரையும் ஒரே கம்பெனி ஒரே கலவையில் அடித்துவிடுங்கள்.

நான் இப்போது பிசுபிசுக்கும் சுவரைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, நான்கு சுவருக்கும் புதிதாகப் பெயிண்ட் வாங்க வேண்டும். 20 லிட்டருக்குக் கொடுத்த காசில் ஒரு பைசா திரும்ப வரவில்லை. பில், ஸ்டிக்கர் போட்டோ, பழைய மூடி மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கலந்த பெயிண்ட்டுக்குக் கடையிடமிருந்து யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால், எங்கே எப்படிப் புகார் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.