மலைநாட்டு வெயிலில் அன்டெனா பிளாஸ்டிக்: தாங்கியதும் உதிர்ந்ததும்

கூரைமேல் கட்டிய அன்டெனாவில் முதலில் போவது வெள்ளை நைலோன் கேபிள் டைதான். நுவரெலியாவில் நான் பாவிக்கும் 7 மெகாஹேர்ட்ஸ் டைபோலிலும் (இரண்டு கம்பிகளை நடுவில் பிரித்துக் கட்டிய அன்டெனா) அப்படித்தான். விரலால் தட்டினாலே படக்கென்று முறிந்தது. அதே கம்பத்தில் அன்றைக்கே கட்டிய கறுப்பு டைகள் இன்னும் இறுக்கமாக நிற்கின்றன.

ஊர் குளிர் என்பதால் இங்கே வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சுவெட்டரோடு நின்றாலும் முகம் கறுக்கிறதே, அந்தப் புறஊதாக் கதிர்தான் பிளாஸ்டிக்கையும் அரிக்கிறது. 1000 மீற்றர் ஏற ஏற அது சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. மெல்லிய மேகம் போட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது.

டைபோலின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே மின்சாரம் கடக்காமல் தடுக்கும் இன்சுலேட்டர் வெள்ளை பீவீசீ குழாய்த் துண்டு. வானம் பார்த்த பக்கம் மஞ்சளித்து, துடைத்தால் துணியில் சுண்ணாம்புபோல் தூள் ஒட்டியது. அடிப்பக்கம் கடையில் வாங்கிய மாதிரியே பளபளப்பு. மெல்லிய அரத்தாளால் தேய்த்து, வீட்டு வெளிச்சுவருக்கு வாங்கி மிஞ்சிய தண்ணீர் பெயின்டை இரண்டு கோட் அடித்தேன். அதற்குப் பிறகு தூள் உதிரவில்லை. காசு பார்த்தால் இதைவிட மலிவான வழி இல்லை.

ஸ்பிரே பெயின்ட் அடிப்பவர்கள் மறைவான மூலையில் முதலில் சோதியுங்கள். அதிலுள்ள கரைப்பான் சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கூரைத் தகரத்துக்கு அடிக்கும் சில்வர் பெயின்ட் வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது அலுமினியத் தூள், இன்சுலேட்டரில் அதற்கு என்ன வேலை? சாதாரண கிளியர் வார்னிஷ் கதிரை உள்ளே விட்டுவிட்டுத் தானும் செதில் செதிலாக உரிந்தது. கார் டாஷ்போர்ட் பொலிஷ் ஜூன் மழையோடு போயிற்று.

அன்டெனாவையும் ரேடியோவையும் இணைக்கும் கோஎக்ஸ் கேபிளின் கறுப்புப் பொலித்தீன் உறையை அப்படியே விட்டுவிடலாம். அதில் கலந்திருக்கும் கார்பன் கறுப்பு என்ற கரித்தூளே காவல். இணைப்பில் தானாக ஒட்டிக்கொள்ளும் றப்பர் டேப் சுற்றி, அதற்குமேல் நல்ல வினைல் டேப். மேலே உள்ளது நைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். இழுத்துக் கட்டிய நீலப் பொலிப்புரோப்பிலீன் கயிறு நார் நாராகப் பிரிந்ததால் இப்போது பொலியெஸ்டர்தான்.

டை வாங்கும்போது கறுப்பு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வெறும் சாயம் போட்டதும் வருகிறது. பக்கற்றில் வெளிப்பாவனைக்கு என்று இருக்க வேண்டும். பெயின்ட் வேலையைப் பெப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்தால் இங்கே எதுவும் காயாது.