சர்ச்சுவில் காலியாக இருந்த சிலிண்டர்: லடாக் மோட்டார் சைக்கிள் பயணத்துக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

கடந்த ஆண்டு ஜூலையில் நாங்கள் ஐந்து பேர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பி, மணாலியிலிருந்து லே வரைக்கும் அதற்கு மேலுள்ள கணவாய்களுக்கும் மோட்டார் சைக்கிளில் போவதென்று ஆளுக்கு 6,500 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது ‘பெர்மிட் கட்டணம்’ என்று மேலும் 400 வெள்ளி வாங்கப்பட்டது. கடைசியில் எங்களில் ஒருவரை மருத்துவமனையில் படுக்க வைத்துவிட்டு, எந்தக் கணவாய்க்காக அவ்வளவு பணம் கட்டினோமோ அதன் அடிவாரச் சாவடியிலிருந்தே திரும்பினோம். ஏற்பாடு செய்தவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருக்கிறது. அவர் எங்களை எப்படி ஏமாற்றினார் என்பதைவிட, ஏமாற்று அவர் கொடுத்த பயணத் தாளிலேயே கண்ணுக்குத் தெரியும்படி இருந்தும் நாங்கள் அதை எப்படி வாசிக்கத் தவறினோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் எங்களுக்குப் புதியவர் அல்லர். பக்கத்து ஊரில் மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவர், கோவில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பவர், எங்களை ‘அண்ணே’ என்று கூப்பிடுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியில் படம் போட்டுக் காட்டினார். ‘உலகத்திலேயே உயரமான சாலை, 18,380 அடி’ என்று கர்துங் லா கணவாயின் பலகை அதில் பளபளத்தது. அந்தக் கணவாயின் அளக்கப்பட்ட உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்கும் கொஞ்சம் குறைவு; அதைவிட உயரமான சாலைகள் லடாக்கிலேயே இருக்கின்றன. இதைப் பின்னால்தான் அறிந்தேன். பலகையில் இருக்கும் பொய்க்கு அவர் பொறுப்பல்ல என்றாலும், அவர் சொன்ன எதையும் நாங்கள் சரிபார்க்கவில்லை என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: முதல் நாள் கோலாலம்பூரிலிருந்து டெல்லி, இரவுப் பேருந்து, இரண்டாம் நாள் மணாலியில் வண்டி கைக்கு வரும், மூன்றாம் நாள் மணாலியிலிருந்து சர்ச்சு, நான்காம் நாள் லே, ஐந்தாம் நாள் கர்துங் லா வழியாக நுப்ரா, ஆறாம் நாள் பாங்கோங் ஏரி, ஏழாம் நாள் சாங் லா வழியாக லே, எட்டாம் நாள் விமானம். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்திலும் சர்ச்சு 4,290 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன என்பதை யாராவது அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்திருந்தால், ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறி அங்கேயே படுக்கச் சொல்கிறார்கள் என்பது உறைத்திருக்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். நாங்கள் எடுத்த பயிற்சியோ, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு இரண்டு ஞாயிறு போய்வந்ததுதான். அங்கே தானா ராத்தா 1,440 மீட்டர். வளைவில் வண்டியைச் சாய்க்கப் பழகலாமே தவிர, நுரையீரலுக்கு அங்கே பழக ஒன்றுமில்லை.

சர்ச்சுவுக்கு இன்னொரு குணமும் உண்டு. மணாலியிலிருந்து வருகிறவர் 4,890 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா லாவைத் தாண்டித்தான் அந்தச் சமவெளியில் இறங்குகிறார். லே பக்கம் போனாலும் நக்கீ லா, லாச்சுங் லா என்று மறுபடி ஏற்றந்தான். மூச்சு முட்டுகிறவரைக் கீழே கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் மேலே ஏற்றியாக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் முதல் இரவை 3,080 மீட்டரிலுள்ள கேலாங்கிலோ அதற்கு அடுத்த ஜிஸ்பாவிலோ கழிப்பதற்குக் காரணம் இதுதான். அந்த ஓர் இரவுக்கான அறை வாடகையை மிச்சம் பிடிக்கவே எங்கள் திட்டம் எட்டு நாளாகச் சுருக்கப்பட்டிருந்தது.

சர்ச்சுவில் தங்கிய அன்று இரவு எட்டு மணிக்கெல்லாம் எங்கள் குழுவில் மூத்தவருக்குத் தலைவலியும் வாந்தியும் தொடங்கின. பதினொரு மணிக்குக் கூடாரத்தை விட்டு வெளியே வந்தவர் குடித்தவர்போல் தள்ளாடினார், பேச்சும் குழறியது. மலைச் சுகக்கேட்டில் நடை தள்ளாடுவது மூளையில் நீர் கோக்கிறது என்பதற்கான அறிகுறி என்று கூடாரக்காரர்தான் சொன்னார். துணை வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது என்று தாளில் எழுதியிருந்தது; இருந்தது உண்மைதான். ஓட்டுநர் கம்பளிக்கு அடியிலிருந்து சிலிண்டரை உருட்டிக் கொண்டுவந்தபோது கைவிளக்கை அதன் அழுத்தமானியில் அடித்துப் பார்த்தேன். முள் பூஜ்யத்தின் மேல் அசையாமல் படுத்திருந்தது. முகமூடியின் ரப்பர் குழாயில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். கொதிகலனின் அழுத்தமானியைப் பார்க்காமல் ஒரு ஷிஃப்டும் தொடங்குவதில்லை. மணாலியில் வண்டிகளின் பிரேக், சங்கிலி, டயர் எல்லாவற்றையும் குனிந்து நிமிர்ந்து பார்த்த நான், அந்த ஒரு முள்ளை மட்டும் பார்க்கவில்லை. மற்றொரு பெட்டியில் இருந்தவை கொசு மருந்துப் புட்டி அளவிலான ஆக்சிஜன் டப்பாக்கள். அவை சில நிமிடங்களுக்குத்தான் காணும்.

கூடாரக்காரர் எங்கிருந்தோ வாங்கி வந்த சிலிண்டர்தான் மூத்தவரை விடியும்வரை காப்பாற்றியது. விடிந்ததும் காய்கறி ஏற்றி வந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு வண்டியில், மற்றொரு நண்பரைத் துணைக்கு வைத்து, பாரலாச்சா லாவைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள கேலாங் மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவர் பிழைத்தார். ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் பிடித்தபோது, “அண்ணே, பணம் கட்டியாச்சு, நீங்க மூணு பேரும் மேல போங்க, அவர நான் பாத்துக்கறேன்” என்றார். நாங்கள் போனோம். அதை இன்றுவரை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

லேயில் இரண்டு உண்மைகள் தெரிந்தன. முதலாவது, வெளியூரில் வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளில் லேயைத் தாண்டி நுப்ராவுக்கோ பாங்கோங்குக்கோ போக அங்குள்ள வாடகை வண்டிக்காரர்கள் விடுவதில்லை; லேயில் பதிந்த வண்டியைத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வண்டிகளோ வாடகை வண்டிகள்கூட அல்ல. இந்தியாவில் சுயமாக ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். எங்களுடையவை வெள்ளைத் தகடு, யாரோ ஒருவருடைய சொந்த வண்டிகள். இரண்டாவது, அந்தப் பகுதிகளுக்கு வெளிநாட்டவர் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி பெற வேண்டும். அதை லேயில் பதிவு பெற்ற முகவர் வழியாக, குறைந்தது இருவராகச் சேர்ந்து வாங்க வேண்டும். 400 வெள்ளி வாங்கியவர் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “நம்ம மூஞ்சியப் பாத்து எவன்ணே பாஸ்போர்ட் கேக்கப் போறான்? சென்னைன்னு சொல்லிட்டுப் போயிருங்க.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதையும் செய்து பார்த்தோம். கர்துங் லாவுக்கு ஏறும் வழியிலுள்ள சவுத் புல்லு சாவடியில் நின்றிருந்த ராணுவ வீரர் தமிழர். சென்னை என்றதும் மகிழ்ந்துபோய், “சென்னையில எங்கண்ணே?” என்று கேட்டார். எங்களில் இளையவன் பதற்றத்தில், “சென்னைதான் லா” என்றான். திபெத்திய மொழியில் லா என்றால் கணவாய். அந்த இடத்தில் எங்களைக் காட்டிக்கொடுத்தது, மலேசியப் பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் எங்கள் ஊர் லா. அவர் சிரித்துக்கொண்டே ஆதார் அட்டை கேட்டார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடப்பிதழ் கேட்டார். வழக்குப் போடாமல் திருப்பி அனுப்பியது அவருடைய பெருந்தன்மை.

அந்த இளையவனிடம் இருந்தது பி2 லைசென்ஸ். அது 250 சிசி வரைக்கும்தான். எங்களுக்குக் கொடுத்தவை 411 சிசி ஹிமாலயன் வண்டிகள். “இந்தியாவுல அதெல்லாம் பாக்க மாட்டான்” என்றாராம் ஏற்பாட்டாளர். ஜேபிஜே எனும் மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்தாலும் அது உள்ளூர் லைசென்சின் வகுப்பைத் தாண்டாது; விபத்து நேர்ந்திருந்தால் பயணக் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்டிருப்பது அதைத்தான்.

திரும்பி வந்து ரசீதைத் தேடினோம். பணம் போனது ஏற்பாட்டாளருடைய தனிப்பட்ட வங்கிக் கணக்குக்கு; ரசீது மோட்டார் சாமான் கடையின் பெயரில். பயண ஏற்பாடு செய்கிறவர் 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். அவரிடம் அது இல்லை. போலீஸ் புகார் செய்தோம், அமைச்சுக்கும் எழுதினோம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முதல் பாரத்தை (படிவம் 1) நிரப்பி, ஆளுக்கு 5 வெள்ளி கட்டித் தனித்தனியாகப் பதிந்தோம். அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) அவர் அனுப்பிய குரல் பதிவுகளை நாங்கள் அழிக்காமல் வைத்திருந்தது இப்போது உதவுகிறது. சமரசம் என்று அவர் சொல்லி அனுப்பியது, அடுத்த பயணத்தில் ஆளுக்கு 500 வெள்ளி கழிவு.

இந்தப் பதிவை நான் எழுதுவதற்குக் காரணம் அந்த அடுத்த பயணம்தான். போன வாரம் முகநூலில் அவருடைய புதிய விளம்பரம் வந்தது. அதில் இருக்கும் படம் பாரலாச்சா லா பலகைக்கு முன்னால் நாங்கள் ஐவரும் கட்டைவிரல் உயர்த்தி நின்றது. நடுவில் நிற்பவர், மறுநாள் விடிந்ததும் கேலாங்குக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த அதே நண்பர். படத்துக்குக் கீழே நாள் வரிசை போட்டிருக்கிறது. மூன்றாம் நாள்: மணாலி – சர்ச்சு.