புதுச்சேரிச் சமையலறையில் ஹாட் சாஸும் சல்சாவும்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மிளகாய்ப் பொடியும் பச்சை மிளகாயும் குறைவின்றிப் புழங்கும் வீட்டில், ஹாட் சாஸ் என்ற பெயரில் காரத்தைப் பாட்டிலில் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை என்ன என்று கேட்பவர்களுக்கு, இந்தச் சாஸ்களில் காரம் இரண்டாம்பட்சமே என்பதுதான் பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் பதில். மிளகாயின் காரத்தை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த அளவுகோலில், டபாஸ்கோ என்னும் அமெரிக்க ஹாட் சாஸின் அசல் சிவப்பு வகை 2,500 முதல் 5,000 அலகுகளுக்குள் அடங்கிவிடுகிறது. நாம் அன்றாடம் அரைக்கும் குண்டூர் சன்னம் மிளகாயோ 30,000ஐத் தாண்டும். முதன்முதலாக டபாஸ்கோவை ஆம்லெட்டில் விட்டுச் சாப்பிட்ட என் அத்தை, "காரமே இல்லியேப்பா, புளிப்புதான் தூக்கலா இருக்கு" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அத்தை சொன்னது முழுக்கச் சரி. புளி, எலுமிச்சை, தயிர், மாங்காய் என்று எத்தனையோ புளிப்புகளை ஆளும் நம் சமையலில், உப்பில் ஊறி நொதித்த மிளகாயும் வினிகரும் சேர்ந்து தரும் புளிப்புக்குப் பெரும்பாலும் இடமில்லை. அந்தப் புளிப்புக்காகவே இந்தப் பாட்டில்கள் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டன.

அவற்றுள் மிக அதிகமாகச் செலவானது டபாஸ்கோ. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள ஏவரி தீவில், எட்மண்ட் மெக்கில்ஹென்னி 1868இல் தொடங்கிய தொழில் இது. அசல் சாஸின் சேர்மானம் மூன்றே பொருள்கள்: மிளகாய், உப்பு, வினிகர். பழுத்த மிளகாயை உப்புடன் அரைத்து, ஓக் மரப் பீப்பாய்களில் மூன்றாண்டுகள் வரை ஊறவிட்டு, பிறகு வினிகருடன் சில வாரங்கள் கலக்கித் தோலையும் விதையையும் வடித்தெடுக்கிறார்கள். சர்க்கரையோ கெட்டிப்படுத்தும் மாவுப்பொருளோ சேராததால் தண்ணீராக ஓடும் இந்தச் சாஸுக்கு, பாட்டிலின் வாயில் பொருத்தப்பட்டிருக்கும் சிறு துளையடைப்பான் பேருதவி. கை தவறிக் கவிழ்த்தாலும் சொட்டுச் சொட்டாகவே விழும் என்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில்கூட மேசைமேல் அச்சமின்றி வைக்கலாம்.

இதன் முழுப் பயனைக் காட்டுவது பொரித்த மீன்தான். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்தோ புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டிலிருந்தோ நல்ல நெத்திலி கிடைக்கும் நாளில், தலையைக் கிள்ளி அலசி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கொஞ்சம் அரிசி மாவு பிசிறி மொறுமொறுப்பாகப் பொரித்தெடுத்தபின், வழக்கம்போல எலுமிச்சம்பழம் பிழிந்தால் தட்டின் அடியிலிருக்கும் மீன்கள் சீக்கிரமே நமத்துப்போகின்றன. எலுமிச்சைக்குப் பதிலாக நான்கைந்து சொட்டு டபாஸ்கோவைப் பரவலாக விட்டால், ஈரம் மிகக் குறைவு என்பதால் மொறுமொறுப்பு கெடுவதில்லை. வினிகரின் நெடி சூட்டில் மேலெழுந்து மூக்கைத் தொடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் நாக்கில் தங்குவதில்லை. இறாலுக்கும் கணவாய்க்கும் இதே பொருத்தம் உண்டு. வஞ்சிரத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், அதன் மசாலாவே போதுமானது. காலைச் சிற்றுண்டிக்கு, புதுச்சேரி பேக்கரிகளில் கிடைக்கும் நீள பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி, மஞ்சள் கரு முழுதும் இறுகாமல் பொரித்த முட்டையை உள்ளே வைத்து, அந்த மஞ்சள் கருவின்மேல் மட்டும் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். கொழுப்பும் புளிப்பும் சேரும் அந்த ஒரு வாய்க்காகவே நான் இந்தப் பாட்டிலை மறுபடி மறுபடி வாங்குகிறேன்.

புளி கரைத்த எதிலும் இதைச் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரசம், சாம்பார், மீன் குழம்பு ஆகியவற்றில் ஒரு புளிப்பு மற்றொன்றோடு மோதி இரண்டும் பாழாகின்றன. பருப்பு சாதம், பொங்கல், உருளைக்கிழங்கு மசியல் போன்ற சாதுவான உணவுகளே இதற்கு ஏற்றவை. பாதுகாப்பைப் பொறுத்தவரை, வினிகர் மிகுந்திருப்பதால் வெளியில் வைத்தாலும் கெடுவதில்லை. ஆனாலும் கத்திரி வெயில் நாட்களில் சமையலறை அலமாரியிலிருந்த பாட்டிலின் சிவப்பு மெல்லமெல்லப் பழுப்பாக மங்கி, மணமும் தட்டையாகிவிட்டது. ஃபிரிட்ஜின் கதவில் வைத்தது நிறம் மாறாமல் நெடுநாள் இருந்தது.

அடுத்தது சிராச்சா. இது தாய்லாந்தின் கடற்கரை ஊரான சி ராச்சாவின் பெயரைத் தாங்கியது என்றாலும், உலகம் முழுவதும் பரவியது சேவல் படமும் பச்சை மூடியும் கொண்ட அமெரிக்கத் தயாரிப்புத்தான். வியட்நாமிலிருந்து அகதியாக வெளியேறிய டேவிட் டிரான், தாம் ஏறிவந்த கப்பலின் நினைவாக ஹுய் ஃபாங் என்று பெயரிட்டு, 1980இல் லாஸ் ஏஞ்சலிஸில் அந்த நிறுவனத்தைத் தொடங்கினார். சிவந்து பழுத்த ஜாலபெனோ மிளகாய், பூண்டு, சர்க்கரை, உப்பு, வினிகர் சேர்ந்த அந்தச் சாஸ் கெட்டியானது. தாய்லாந்தில் தயாராவது அதைவிட நீர்த்தது, இனிப்பும் கூடுதலானது. இங்கே கடைகளில் அதே பெயரில் விற்கும் உள்நாட்டுத் தயாரிப்புகள் சிலவற்றில் சர்க்கரை அளவுக்கு மீறியிருப்பதால், அவற்றைத் தக்காளி கெச்சப்பின் தம்பி என்றே எங்கள் வீட்டில் நடத்துகிறோம். சேர்மானப் பட்டியலில் மிளகாய்க்கு முன்பாகச் சர்க்கரை வந்தால் அந்தப் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவது நல்லது.

சிராச்சா புதுச்சேரிக்கு அந்நியமானதாக எனக்குத் தோன்றியதே இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வியட்நாமின் சைகோனுக்கு வேலைக்குச் சென்று திரும்பிய குடும்பங்கள் இங்கே பல உண்டு. இறைச்சியும் சேமியாவும் பொதிந்து அரிசித் தாளில் சுருட்டிப் பொரிக்கும் நெம், அவர்கள் வழியாகவே இந்த ஊரின் பண்டங்களில் ஒன்றானது. அதற்குத் தொட்டுக்கொள்ள மீன் சாறு (ஃபிஷ் சாஸ்), எலுமிச்சை, சர்க்கரை, நறுக்கிய மிளகாய் கலந்த நீர்த்த சாறே முறையானது. அந்தச் சாற்றிலேயே அரைக் கரண்டி சிராச்சாவைக் கலக்கினால் பூண்டு மணம் கூடி, நெம்மின்மேல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சற்றே கெட்டிப்படுகிறது. முட்டைப் பொரியலுக்கும் ஃபிரைடு ரைசுக்கும் இதைவிடச் சுலபமான துணை இல்லை. பாட்டிலின் வடிவமைப்பில் மட்டும் ஒரு தொல்லை உண்டு: மூக்கு முனையில் தங்கும் சாஸ் காய்ந்து அடைத்துக்கொள்ள, தெரியாமல் அழுத்துபவரின் சட்டையில்தான் அது தெறிக்கும். ஒவ்வொரு முறையும் முனையைத் துடைத்து மூடினால் தொல்லையில்லை.

புகை மணத்துக்காக வைத்திருப்பது சிப்போட்லே சாஸ். பழுத்த ஜாலபெனோவைப் புகையில் உலர்த்தினால் கிடைப்பது சிப்போட்லே. அந்த மணம் நமக்குப் பழகியதுதான், அடுப்பில் சுட்ட கத்தரிக்காயில் வருவது. சிதம்பரம் கொத்சுவுக்குக் கத்தரிக்காயை வதக்கிச் செய்பவர்களே அதிகம்; சுட்டுச் செய்யும் வீடுகளில் கேஸ் அடுப்பு வந்தபின் புகை வாசம் பாதியாகிவிட்டது. கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்துத் தயிரில் பிசையும் பச்சடியில் அரைக் கரண்டி சிப்போட்லே சாஸ் சேர்த்தால் அந்த வாசம் திரும்பிவிடுகிறது.

பிரான்சிலிருந்து வரும் உறவினர்கள் டியூபில் அடைத்த ஹரிசாவைக் கொண்டுவருவதுண்டு. துனீசியாவின் இந்த மிளகாய் விழுது செய்யும் மரபை 2022இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல பொருள்தான், ஆனால் இட்லிக்கு அரைக்கும் பூண்டுக் காரச் சட்னி இருக்கும் வீட்டில் அதற்கு வேலை குறைவு. கரோலினா ரீப்பர் போன்ற மிளகாய்களில் செய்யும் மிக அதிகக் காரமான சாஸ்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவை பந்தயத்துக்கானவை, சோற்றுக்கானவை அல்ல. யாராவது பந்தயத்தில் சிக்கிக்கொண்டால் தண்ணீர் கொடுக்காதீர்கள்; காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, பாலோ தயிரோதான் எரிச்சலைத் தணிக்கும்.

தொட்டுக்கொள்ளும் மெக்சிகோச் சட்னியான சல்சாவைப் பொறுத்தவரை, பாட்டிலில் விற்பதை வாங்கவே வேண்டாம் என்பது என் முடிவு. நெடுநாள் கெடாமலிருக்கச் சூடாக்கிப் பதப்படுத்தும்போது, தக்காளியின் பச்சை மணமும் கொத்தமல்லியின் வாசமும் போய், இனிப்பான தொக்கு ஒன்றே மிஞ்சுகிறது. தேவையான யாவும் உழவர் சந்தையில் கிடைக்கும்போது அந்தத் தொக்குக்கு இறக்குமதி விலை கொடுப்பது வீண். மெக்சிகோவில் பிக்கோ தே காயோ என்று வழங்கும் சமைக்காத சல்சாவுக்கு, புளிப்புள்ள நாட்டுத் தக்காளி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு, உப்பு ஆகியவை போதும். தக்காளியின் விதைப் பகுதியை நீக்கி, சதையை மட்டும் பொடியாக நறுக்கி, முதலில் உப்பை மட்டும் பிசிறிக் கால் மணிநேரம் வடிதட்டில் வையுங்கள். உப்பு இழுத்த நீர் அடியில் வடிந்தபின் மற்றவற்றைச் சேர்த்தால், கிண்ணத்தில் சாறு தேங்காமல் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக நிற்கும். அடியில் வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், மோரில் கலந்தால் அருமையாக இருக்கும்.

சுட்ட சல்சா இன்னும் நம் கைப்பழக்கத்துக்கு நெருக்கமானது. முழுத் தக்காளி, தோலுரிக்காத பூண்டு, பாதியாக அரிந்த வெங்காயம், மிளகாய் ஆகியவற்றை எண்ணெய் விடாமல் இரும்புத் தோசைக்கல்லில் போட்டு, ஆங்காங்கே கருகும்வரை திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். மெக்சிகோவில் இதை மூன்று கால் கொண்ட எரிமலைக்கல் உரலில் இடிப்பார்கள். நம் வீட்டு அம்மி அந்த வேலையை அப்படியே செய்கிறது. மிக்ஸியில் நீண்ட நேரம் ஓட்டினால் காற்றுப் புகுந்து நுரைத்து, சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பாகிவிடுவதோடு விதைகள் அரைபட்டுக் கசப்பும் ஏறும். மிக்ஸிதான் இருக்கிறதென்றால் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று போதும். பச்சை நிறச் சல்சாவுக்கு அங்கே பயன்படும் தொமாத்தியோ என்ற புளிப்புக் காய் இங்கே கிடைப்பதில்லை. அதற்கு ஈடாகப் பழுக்காத தக்காளியைச் சுட்டு எலுமிச்சை கூட்டிச் செய்தால் ஏறக்குறைய அந்தச் சுவை வருகிறது. சிப்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. அப்பளம், அடை, கேழ்வரகு ரொட்டி, வாழைக்காய் வறுவல் எதனோடும் இது சேரும். எங்கள் வீட்டில் தயிர் சாதத்துக்குத்தான் அதிகம் போகிறது. செய்த அன்றே சாப்பிட்டுவிடுவது நல்லது. மறுநாள் வெங்காயம் நாற்றமெடுக்கத் தொடங்கிவிடும்.

சாஸை வீட்டிலேயே நொதிக்கவைக்க விரும்புவோருக்கு இந்த ஊர் வாகானது. பச்சை மிளகாய்க் குவியலில் சிவந்து பழுத்தவற்றைக் காய்கறிக் கடைக்காரர்கள் ஒதுக்கிவைத்து மலிவாகத் தருவார்கள். ஒரு கிலோ மிளகாய்க்கு 30 கிராம் உப்பு என்ற கணக்கில், மரக்காணத்துக் கல்லுப்பைப் பொடித்துச் சேர்த்துக் கரகரப்பாக அரைத்துப் பீங்கான் ஜாடியில் கழுத்துக்குக் கீழே நிரப்ப வேண்டும். இங்குள்ள வெக்கையில் ஓரிரு நாளிலேயே குமிழிகள் கிளம்பிவிடும். தகர மூடியிட்ட கண்ணாடிப் புட்டிகள் கடற்காற்றிலும் உப்பு ஆவியிலும் துருப்பிடித்து, அந்தத் துரு விழுதில் உதிர்வதைப் பார்த்தபின் நான் துணி கட்டிய ஜாடிக்கே மாறிவிட்டேன். மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்தால் வழித்தெறிந்துவிடலாம். பச்சையோ கருப்போ பூத்துப் பஞ்சுபோல எழுந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் சீரான புளிப்பு மணம் வந்ததும், வினிகர் சேர்த்து நைசாக அரைத்து வடிகட்டி, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வடிதட்டில் எஞ்சும் சக்கையை மொட்டைமாடி வெயிலில் சருகாக உலர்த்திப் பொடித்தால், மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் தொட்டுக்கொள்ள உப்பும் புளிப்பும் காரமும் ஒன்றாயிருக்கும் பொடி கிடைக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சாஸைவிட அதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.