பனிமேல் வெள்ளை எழுத்து: புதுச்சேரி விழாவில் பின்லாந்துப் படங்கள்

புதுச்சேரியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் பின்லாந்துக்கென்று ஒதுக்கிய பிரிவில் ஆறு படங்கள். தேர்வில் பெரிய குறை இல்லை. திரையிட்ட விதத்தில்தான் ஏற்ற இறக்கம். இந்தப் படங்களில் வசனம் கொஞ்சம், இசை கொஞ்சம், வெளிச்சமும் கொஞ்சம். அரங்கின் சின்னக் கோளாறுகூட அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும். நம்மூர் திருவிழாப் படத்தில் ஏசி இரைச்சல் யார் காதிலும் விழாது. இங்கே அதுவே பின்னணி இசையாகிவிடுகிறது.

ஆறில் மூன்று அகி கௌரிஸ்மாகியுடையவை: 'ஷேடோஸ் இன் பாரடைஸ்' (1986), 'தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்' (1990), 'ஃபாலன் லீவ்ஸ்' (2023). யூஹோ குவோஸ்மனனுடையவை இரண்டு. மிச்சம் ஒன்று, எரிக் பிளோம்பெரியின் 'தி வொயிட் ரெயின்டீர்' (1952). பெண் இயக்குநர் ஒருவர்கூட இல்லை என்பது உறுத்தல். சைதா பெரிரோத்தின் 'டோவே'யோ அல்லி ஹாபசாலோவின் 'கேர்ள் பிக்சர்'ஓ, ஒரு கௌரிஸ்மாகியை விட்டுக்கொடுத்துப் போட்டிருக்கலாம்.

முதலில் 'தி வொயிட் ரெயின்டீர்', அதாவது வெள்ளைக் கலைமான். பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்துப் பனிவெளியில், கலைமானாக உருமாறும் பிரீதா என்ற பெண்ணின் கதை. 1953 கான் விழாவில் ழான் கோக்தோ தலைமையிலான நடுவர் குழு பரிசு கொடுத்த படம். கறுப்பு வெள்ளை, பழைய 1.37 விகிதச் சட்டகம் (உயரம் 1 என்றால் அகலம் 1.37). டிஜிட்டல் பிரதியில் இது 1.85 சட்டகத்துக்குள் நடுவே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும். அது கோளாறு அல்ல. பின்வரிசையிலிருந்து "ஃபுல் ஸ்க்ரீன் போடுங்க" என்று குரல் வந்ததும் ஆபரேட்டர் ஸ்கோப், அதாவது அகலத்திரை செட்டிங்குக்கு மாற்றினார். லென்ஸ் பெரிதாக்கியதில் மேலே தலை போயிற்று, கீழே சப்டைட்டில் போயிற்று. ஐந்து நிமிடம் கழித்துத்தான் பழைய நிலைக்கு வந்தது.

வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. சப்டைட்டில் வெள்ளை நிறம், ஓரக் கறுப்புக்கோடு கிடையாது. பின்னால் முழுக்கப் பனி. பிரீதா சறுக்குக்கட்டையில் போகிற காட்சிகளில் எழுத்து பனியோடு பனியாகக் கரைந்தது. சப்டைட்டில் தனிக் கோப்பாக வந்திருந்தால் எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கொடுத்துத் தயாரித்து வாங்கலாம். படத்தோடு பதித்து வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பிரதி கேட்கும்போதே எது என்று விசாரித்துவிட வேண்டும்.

'மேட்ச் ஃபேக்டரி கேர்ள்' எழுபது நிமிடத்தை ஒட்டிய படம். தொடக்கத்தில் ஆளே கிடையாது, இயந்திரம்தான். மரத்தடி உருள்கிறது, தாள் மாதிரி மெல்லிசாக உரிபடுகிறது, குச்சியாகிறது, பெட்டிக்குள் அடைகிறது. சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸைப் பார்த்தவர்கள் கண்ணெடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் நாயகி கதி ஔத்தினனின் முகம். வசனம் வர நெடுநேரம் ஆகிறது. அந்த மௌனத்தைக் கட்டி எழுப்பிய படத்துக்கு நடுவில் இடைவேளை விட்டார்கள்! விளக்கு எரிந்தது, பாப்கார்ன் வந்தது. அரங்கின் சர்வரில் அன்றாடப் படங்களுக்குப் போட்டு வைத்த பிளேலிஸ்டில் இடைவேளைக் கட்டளையும் சேர்ந்தே இருக்கும். அதை நீக்காமல் படத்தை மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும். கேன்டீன் வியாபாரம்தான் கவலை என்றால், இரண்டு குட்டிப் படங்களை ஒரே காட்சியாக அடுக்கி நடுவில் இருபது நிமிடம் விடலாம். 'ஷேடோஸ் இன் பாரடைஸ்' இதற்கு வாகான ஜோடி.

அந்தப் படத்தைப் பற்றி விழாக் கையேட்டில் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. கௌரிஸ்மாகியின் ஆட்கள் பேச்சு மொழியில் பேசுவதில்லை, எழுத்து நடையில் பேசுகிறார்கள். குப்பை வண்டிக்காரர் ஒருவர், சூப்பர் மார்க்கெட் கல்லாவில் இருக்கிற பெண்ணிடம் மேடைத் தமிழில் காதலைச் சொன்னால் எப்படியோ அப்படி. ஹெல்சிங்கியில் சிரிப்பு வருவது அதனால்தான். ஆங்கில சப்டைட்டிலில் இது முழுக்கக் காணாமல் போகிறது. தமிழ் ஆட்களுக்கு இதை இரண்டு வரியில் விளக்கிவிடலாம். இரட்டை வழக்கு நமக்குத் தெரியாததா? போதாக்குறைக்கு பின்னிஷும் தமிழைப் போலச் சொல்லோடு விகுதியை ஒட்டிக்கொண்டே போகும் ஒட்டுநிலை மொழி: 'தாலோ' வீடு, 'தாலோஸ்ஸானி' என் வீட்டில்.

குவோஸ்மனனின் 'ஆல்லி மாக்கி' படம், 1962இல் ஹெல்சிங்கியில் டேவி மூரோடு உலகப் பட்டத்துக்கு மோதிய குத்துச்சண்டை வீரரைப் பற்றியது. 16 மி.மீ. கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்தது, மணல் தூவிய மாதிரி கிரெய்ன் (பிலிமின் துகள்) இருக்கும். இதை இரண்டாம் அரங்கில், அலுவலகக் கூட்டங்களுக்கு வைக்கிற புரொஜெக்டரில் போட்டார்கள். ஷார்ப்னஸ் ஏற்றி வைத்திருந்ததால் கிரெய்ன் எறும்பு மாதிரி ஊர்ந்தது. ஷார்ப்னஸைப் பூஜ்யமாக்கி, பிக்சர் மோடை 'சினிமா'வுக்கு மாற்றினால் போதும், ஒரு நிமிட வேலை. அந்த அரங்கின் தரையும் சமதளம். நான்காம் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் சப்டைட்டில் தெரியாது, முன்னாலிருப்பவர் தலைதான் தெரியும். முதல் மூன்று வரிசையில் ஓர இருக்கை கிடைத்தாலும் பரவாயில்லை.

'கம்பார்ட்மென்ட் நம்பர் 6' (2021) காலைக் காட்சி பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. காரணம் கேடிஎம், அதாவது டிஜிட்டல் பிரதியைத் திறக்கும் சாவிக் கோப்பு. குறித்த நேரத்துக்கு முன்னால் அது திறக்காது. காலை 10 மணி என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வந்த சாவியில் 10 மணி யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கு, நமக்குப் பிற்பகல் 3.30. முந்தின நாளிலிருந்தே செல்லும் சாவியாகக் கேட்டு, இரவே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். மற்றபடி படம் அருமையாகத் தெரிந்தது. மாஸ்கோவிலிருந்து முர்மான்ஸ்க் போகிற ரயில், பெரும்பாலும் ரஷ்ய வசனம். "இது பின்லாந்துப் படமே இல்லை" என்று முணுமுணுத்தவர்களுக்கு: அந்த ஆண்டு பின்லாந்து ஆஸ்கருக்கு அனுப்பிய படமே இதுதான்.

ஒலிதான் கடைசி நாள் வரை இழுத்தது. சவுண்ட் ஃபேடரில், அதாவது அரங்கின் ஒலியை ஏற்றி இறக்கும் குமிழில், 7 என்பது படத்தின் ஒலிக்கலவை செய்தவர்கள் வைத்த அளவு. இரைச்சலான படங்களுக்குப் பயந்து நம் அரங்குகளில் அதை 4, 4.5 என்று இறக்கி அப்படியே விட்டுவிடுகிறார்கள். பின்லாந்துப் படத்தை அதில் போட்டால் முணுமுணுப்பு மட்டும் மிஞ்சும். 'ஃபாலன் லீவ்ஸ்' தொடங்கிப் பத்து நிமிடத்தில் பார்வையாளர்கள் எழுந்து போய்ச் சொன்னார்கள். ஃபேடர் 6க்கு ஏறியது, ஏசி விசிறி ஒரு படி இறங்கியது. அடுத்து நாயகி அன்சா சமையலறையில் ரேடியோவைத் திருகும்போது, உக்ரைன் போர்ச் செய்தி வாசிப்பவரின் குரல் கடைசி வரிசை வரை துல்லியமாக வந்தது.