முடவாட்டுக்கால் என்று வேறு பெரணியை அனுப்புகிறார்கள், பார்த்து வாங்குங்கள்

ஆன்லைனில் முடவாட்டுக்கால் என்ற பெரணிச் செடி (பெரணி என்றால் பூக்காமல் வித்துத்தூளால் பெருகும் செடி வகை) வாங்க நினைப்பவர்கள் பணம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். 650 ரூபாய், கூரியர் தனி. வந்தது முடவாட்டுக்காலே இல்லை.

விளம்பரத்தில் போட்டிருந்தது அசல் படம்தான். கொல்லிமலையில் சூப் போட்டு விற்கிறார்களே, அதே கிழங்கு. பழுப்பு ரோமம் அடர்ந்து மூடியது. பார்சலைப் பிரித்தால் பச்சைத் தண்டு. விரல் கனம்கூட இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்புச் செதில்.

இலையை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். இரண்டிலும் இலை விரல் விரலாகப் பிரிந்திருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். எனக்கு வந்த செடியில் வித்துப் பொட்டுகள், அதாவது இலையடியில் வித்துத்தூள் உண்டாகும் புள்ளிகள், பெரிசு பெரிசாகக் குழிக்குள் இருந்தன. அதே இடத்தில் இலையின் மேல்பக்கம் புடைத்திருந்தது, தடவினாலே தட்டுப்படும். இது மைக்ரோசோரம் ஸ்கோலோபென்ட்ரியா, அழகுக்கு வளர்க்கும் தொட்டிச் செடி. முடவாட்டுக்கால், அதாவது ட்ரைனேரியா குவெர்சிஃபோலியாவில், பொட்டுகள் சின்னதாக, பக்க நரம்புகளுக்கு இடையே இரண்டிரண்டு வரிசையாக ஓடும். இரண்டும் ஒரே பாலிபோடியேசி குடும்பம். பொட்டுக்கு மூடுசவ்வு இரண்டிலுமே கிடையாது, அதை வைத்துப் பிரிக்க முடியாது.

இதையெல்லாம் விட எளிய அடையாளம், முடவாட்டுக்காலில் சாதாரண இலையோடு கூடவே வரும் கூட்டிலை. கிழங்கை ஒட்டி, காம்பில்லாமல், குட்டையாக இருக்கும். சீக்கிரமே பழுப்பாகக் காய்ந்துவிடும், ஆனால் உதிராது. மேலிருந்து விழும் சருகு அதற்குள் சேர்ந்து மக்கும். பாறையிலும் மரத்திலும் தொற்றி நிற்கும் செடிக்கு அதுதான் உரம்.

கூட்டிலை எங்கே என்று விற்றவரிடம் கேட்டேன். "சின்னச் செடி சார், வளர்ந்தா வரும்" என்றார். வித்துப் பொட்டே வந்துவிட்ட செடி எப்படிச் சின்னச் செடியாகும்? அடுத்து, "பேரை மாத்திட்டாங்க சார், நீங்க பழைய பேரைப் பார்க்கிறீங்க" என்றார். ட்ரைனேரியாவை அக்லாமார்ஃபா என்ற இன்னொரு பேரினத்தில் சேர்த்துப் பேர் மாற்றியவர்கள் உண்டு, அது உண்மை. பேர் மாறினால் கிழங்கில் ரோமம் கொட்டிவிடுமா என்று கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

பணம் போனது பெரிசில்லை. இதை வாங்குபவர்களில் பாதிப் பேர் சூப்புக்குத்தான் வாங்குகிறார்கள். பெரணி எல்லாமே தின்னக்கூடியது இல்லை. பிராக்கன் என்ற பெரணியில் புற்றுநோய் உண்டாக்கும் டாக்விலோசைட் இருக்கிறது. என்னவென்று தெரியாத கிழங்கை அடுப்பில் ஏற்றாதீர்கள். பொடியாக விற்பதை வாங்கவே வேண்டாம், அரைத்த பிறகு எந்த அடையாளமும் மிஞ்சாது.

செடியாக வாங்குவதென்றால் கிழங்கு, கூட்டிலை, இலையின் அடிப்பக்கம், மூன்றையும் அன்றைக்கே எடுத்த படமாகக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பார்சல் பிரிக்கும் வீடியோவையும் விளம்பர ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.